ஒரு கிடார், ரெண்டு ஆள்

கோவளம்
9 ஜூன் 2025

ஹரிபிரசாத்துக்கு,

மச்சான்னு எழுத கை வரல. பேரப் போட்டே எழுதறேன்.

போன், இன்ஸ்டா எல்லாத்துலயும் உன்ன பிளாக் பண்ணிட்டேன். பாத்திருப்ப. போன்ல நீ நல்லா பேசுவ. கடைசில நான்தான் சாரி சொல்லி வெப்பேன். எப்பவும் அப்படித்தான் முடியுது. அதான் லெட்டர். அட்ரஸ் உங்க அக்கா குடுத்தாங்க. உனக்கு எதுனா சொல்லணும்னா நீயும் எழுது. தாள்ல எழுதுனா நடுவுல பூந்து என் பேச்ச வெட்ட முடியாதுல்ல.

விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கெழம தாம்பரம் மார்க்கெட்ல, அம்மா கடைல ஒக்காந்து மீன் வெட்டிகினு இருந்தேன். உங்க ஜெயஸ்ரீ அக்கா வந்தாங்க. சங்கரா வேணும், கொழம்புக்குன்னாங்க. நான் செதில் எடுத்துகினு இருக்கறப்ப, "மதி, உன் ஃப்ரெண்டு கலக்கறான், பாத்தியா"ன்னு போன நீட்டுனாங்க. என் கையெல்லாம் ஈரம். அவங்களே புடிச்சிகினு காட்டுனாங்க.

நம்ம பீஸு. ரெண்டு கிடார்ல சேந்து கட்டி, பேரே வெக்க வேணாம்னு பேசி வெச்சிருந்தமே, அது. நீ 'மான்சூன் மெமரீஸ்'னு பேரு வெச்சிருக்க. அத வுடு. நீ தனியா ஒக்காந்து வாசிக்கற. கீழ நடக்கற உன் பாதியும் நீ, மேல வர்ற என் பாதியும் நீ. மேல் பாதிய தனியா ரெக்கார்ட் பண்ணி ஒட்டிட்டான், திருட்டு வேலைன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் உன் கட்டவெரலப் பாத்தேன். அது பாட்டுக்கு நடந்துகினு இருக்கு. மத்த வெரலுங்க அது கூட சம்பந்தமே இல்லாத மாதிரி வேற என்னமோ பேசிகினு இருக்கு. ஒரே கை.

"இன்னாடா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு"ன்னாங்க அக்கா. வெயிலுக்கான்னேன்.

நல்லா வாசிச்சிருக்க. அதுல பொய் சொல்ல மாட்டேன்.

செகண்ட் இயர் ஞாபகம் இருக்கா? இரும்புலியூர் உங்க வூட்டு மாடி ரூம். கரண்ட் போயி, புழுங்கற மத்தியானம். சீனியர் குடுத்த பென் டிரைவ உன் லேப்டாப்ல சொருகுன. ஃபைலுக்கு பேரு இல்ல, வாசிச்சவன் யாருன்னு இல்ல, வெறும் நம்பரு. கிடார் மட்டும். நைலான் இல்ல, இரும்புக் கம்பி. பாடறவன் எப்ப வருவான்னு காத்துகினே இருந்தேன். வரவே இல்ல, முடிஞ்சிடுச்சு. செம கடுப்பு எனக்கு. மறுபடி போடுன்னேன். மறுபடியும் போடுன்னேன். அப்புறம்தான் புரிஞ்சுது, பாடறவன் வந்தா நிக்கறதுக்கு அங்க எடமே இல்ல. கம்பி மேல கை வழுக்கறப்ப கீச்சுனு ஒண்ணு கேக்கும்ல, அது தப்பா வாசிச்சதுன்னு நெனச்சேன். போவப் போவ அந்த கீச்சு எப்ப வரும்னு காத்துகினு இருக்க ஆரம்பிச்சேன். கடைசிக் கம்பி அடங்கறப்ப மரம் லேசா முனகும். அதுக்கோசரம் உன்ன மூச்சு வுடாதன்னு சொல்லுவேன்.

ரெண்டு பேர் வாசிக்கறாங்கன்னு சொன்னது நான்தான். கீழ இருக்கறவன் உங்கப்பா மாதிரி, மாசம் பொறந்தா வாடக வாங்க வர்ற நடை. மேல இருக்கறவன் எங்கப்பா மாதிரி, எப்ப கரைக்கு வருவாருன்னு யாருக்கும் தெரியாது. நீ வுழுந்து வுழுந்து சிரிச்ச. நான் மேல எடுத்துக்கறேன்னேன். நீ கீழ எடுத்துகின. அப்படியே ரெண்டு கிடார்ல கத்துகினோம். நம்ம பீஸக் கட்டுனப்பவும் அதே மாதிரி பிரிச்சுதான் கட்டுனோம்.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது ஒரே ஆளுன்னு உனக்கு எப்பத் தெரியும்?

மதியழகன்


பெங்களூரு
16 ஜூன் 2025

மச்சான் மதி,

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அறையில் இருப்பவர்கள் வக்கீல் நோட்டீஸா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். படித்து முடித்ததும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

கேட்டதற்குப் பதில். போன டிசம்பரில்தான் தெரியும். ஆபீசில் யக்ஞநாராயணன் என்று ஒருவர் இருக்கிறார். வீடு முழுக்க கிடார் இசைதான். அவர் வீட்டில் ஒரு வீடியோ போட்டார். நாம் கேட்டது இல்லை, ஆனால் அதே வகை. ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு பேருடைய சத்தமும் அவரிடமிருந்தே வருகிறது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "என்ன ஹரி, பேய் பார்த்த மாதிரி இருக்கீங்க" என்றார். உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

ஏன் தனியாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இங்கே மேல் பாதி வாசிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? கீழ் பாதியை மட்டும் மணிக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தால் பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்து, எப்போது ஆரம்பிப்பாய் என்கிறான். நான் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

விட்டுவிட்டுப் போனவன் நான் என்பதுபோல எழுதியிருக்கிறாய். கல்லூரியை நீ நிறுத்தியது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைவிருக்கிறதா? வருகைப் பதிவு எடுக்கும்போது உன் பெயரைத் தாண்டிப் போனார்கள். அப்படித்தான் தெரிந்தது. அக்காவின் ரிசப்ஷனில், மேடையில் அத்தனை பேர் பார்க்க, பாதியில் எழுந்து போனாய். மீதி நேரம் கீழ் பாதியை மட்டும் வாசித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதலில் தோன்றியது, இதை முழுசாகத் தெரிந்து வைத்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது என்று.

போகட்டும். நல்ல செய்தி ஒன்று. ஆகஸ்ட் 23 சனிக்கிழமை சாயங்காலம், சேலையூரில் ஒரு பள்ளி ஆடிட்டோரியத்தில் வாத்திய இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி. வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சினிமாப் பாட்டு கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். நீயும் நானுமாக வாசிப்போம். என் பழைய கிடார் உன்னிடம்தானே இருக்கிறது. பழைய மாதிரியே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

ஹரி


கோவளம்
23 ஜூன் 2025

ஹரிபிரசாத்துக்கு,

லெட்டர்லகூட எக்ஸாம் பேப்பர் மாதிரியே எழுதற. ஃபுல் மார்க். ஆனா பதில் தப்பு.

நேத்து தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல அசரியா வந்தான். நம்ம கிளாஸ் அசரியாதான், சர்ச்ல கிடார் வாசிப்பானே. பேச்சுவாக்குல சொன்னேன், மச்சி, அந்த பென் டிரைவ் பாட்டெல்லாம் ஒரே ஆளு வாசிக்கறதாமே, இப்பதான்டா தெரியும்னு. அவன் என்ன பாத்து, "இன்னாடா சொல்ற, நான் செகண்ட் இயர்லயே ஹரிகிட்ட சொன்னேனே. மதிகிட்ட சொல்லாத, அவன் மூட் அவுட் ஆயிடுவான்னு சிரிச்சானே"ன்னான்.

ஆபீஸ், யக்ஞநாராயணன், ஸ்டூலு, பேய். நல்லாத்தான் கத கட்டிருக்க.

பாலத்து மேல நின்னப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்த அஞ்சாம் நம்பர் ஃபைல்ல, வாசிக்கறதுக்கு மின்னாடி ஒரு மூச்சு இழுப்பு கேக்கும். நான் கேட்டேன்ல, டேய் ரெண்டு பேருன்னா மூச்சு ஏன் ஒண்ணுதான் கேக்குதுன்னு? நீ இன்னா சொன்ன? இன்னொருத்தன் மூச்ச அடக்கிகினு இருக்கான்டான்ன. நான் நம்புனேன். நம்புனது மட்டும் இல்ல. அன்னைலேருந்து ஒவ்வொரு தடவையும் நம்ம பீஸு ஆரம்பிக்கறதுக்கு மின்னாடி நான் மூச்ச அடக்கிகினு இருப்பேன். நீ இழுப்ப, நான் அடக்குவேன். அதான் கரெக்டுன்னு நெனச்சேன். நீ பக்கத்துல ஒக்காந்து அதப் பாத்துகினு இருந்திருக்க. மூணு வருஷம்.

ரிசப்ஷன் பத்தி எழுதிருக்க. நான் எழுந்து போனத எழுதிருக்க. ஏன் போனேன்னு எழுதல. நான் எழுதறேன்.

நாம ஆரம்பிச்சு கொஞ்ச நேரம்தான் ஆவுது. உங்க சம்பந்தம் மாமா மேடைக்குக் கீழ வந்து நின்னாரு. "தம்பி, இது இன்னா படத்துப் பாட்டு?"ன்னாரு. படம் இல்ல சார்ன்னேன். "அப்ப எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்?"ன்னாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. நானும் மொதல்ல அப்படித்தான் கேட்டேன். நீ இன்னா பண்ண? "இதோ மாமா"ன்னு சிரிச்சிகினே பழைய கல்யாணப் பாட்டுக்கு மாறுன. என்ன ஒரு வார்த்த கேக்கல. நம்ம பீஸு பாதில நிக்குது. என் வெரல் கம்பி மேலயே இருக்கு.

அதுவும் பரவால்ல. உங்கப்பா மாப்பிள்ள வூட்டாளுங்களுக்கு என்ன அறிமுகம் பண்ணாரு. "நம்ம பையன்தான். இவங்கம்மாதான் மார்க்கெட்ல நமக்கு மீன் தர்றவங்க. இவனும் கொஞ்சம் வாசிப்பான்." எங்கம்மா மீன் விக்கறது எனக்கு வெக்கம் இல்ல. நான் உன்கூட வாசிக்க வந்தேன், மீன் எடுத்துகினு வரல. உங்கப்பா ஏகநாதன் சாருக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். நீ தல குனிஞ்சு கம்பிய முறுக்கிகினு இருந்த. அந்தக் கம்பி கரெக்டாதான் இருந்துச்சு.

உன் கிடார் பத்தி கேட்டிருக்க. இருக்கு. கடக்காத்துல கம்பி துரு ஏறுதுன்னு பொலம்பிகினு இருந்தேன். எங்கம்மா நான் இல்லாதப்ப தேங்கா எண்ணெ எடுத்து ஆறு கம்பிக்கும் பூசிட்டாங்க. தூண்டி முள்ளுக்குப் பூசற மாதிரி. வந்து தட்டுனா, பஞ்சு மூட்டைய தட்டுன மாதிரி இருக்கு. "இன்னாம்மா பண்ண"ன்னா, "துரு புடிக்காம கீதுல்ல, இன்னா கொற"ன்றாங்க. கம்பி மாத்தணும்.

சேலையூருக்கு கூப்புடற. நீதான் ரெண்டையும் வாசிக்கறியே, நான் எதுக்கு? ஒப்புக்கு ஒரு நாற்காலியா?

எப்பத் தெரியும்னு கேட்டேன். ஏன் மறச்சன்னு இப்பக் கேக்கறேன்.

மதியழகன்


பெங்களூரு
5 ஜூலை 2025

மதி,

சரி. தெரியும். செகண்ட் இயரிலேயே தெரியும். டிசம்பர் என்று எழுதியது பொய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். கோபப்படாமல் படிக்க மாட்டாய், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ எதில் நின்றிருக்கிறாய், சொல். காலேஜில் நிற்கவில்லை. குரோம்பேட்டை மொபைல் கடையில் நிற்கவில்லை. சாப்பாடு டெலிவரி செய்தாய், ஒரு மழை வந்தது, விட்டாய். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கப் போனாய், அங்கேயும் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று பலகையைப் போட்டுவிட்டு வந்தாய். ஒரு விஷயத்துக்கு மட்டும் தவறாமல் வந்தாய். எங்கள் மாடி அறைக்கு. ஏன் வந்தாய் தெரியுமா? நீ வராவிட்டால் அந்த இசையில் பாதி இருக்காது என்று நம்பினாய். உன்னை நம்பி ஒருவன் கீழே நடந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தாய். அது ஒரே ஆள் வேலைதான்டா என்று நான் சொல்லியிருந்தால், இதையும் விட்டிருப்பாய். மொபைல் கடையை விட்ட மாதிரி.

நீ அடுத்து என்ன சொல்வாய் என்று தெரியும். நல்லவன் வேஷம் என்பாய். இருக்கட்டும், இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ விட்டிருக்கவும் மாட்டாய் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. கிடாரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே வாரத்தில் இரண்டையும் வாசித்திருப்பாய். எனக்கு ஒரு வருடம் ஆகும். ஆனது. உனக்கு என் வீடு, என் அறை, என் லேப்டாப், என் கிடார் எல்லாம் தேவைப்பட்டன. நான் தேவைப்பட்டது அந்தப் பாதிக்கு மட்டும்தான். அதையும் நானே எடுத்து உன் கையில் கொடுக்க வேண்டுமா?

அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. குனிந்துகொண்டேன். அக்காவின் ரிசப்ஷன் மேடையில் அப்பாவோடு சண்டை போடவேண்டும் என்று எதிர்பார்த்தாயா? எதிர்பார்த்திருப்பாய். நீயாக இருந்தால் போட்டிருப்பாய். நான் நீ இல்லை. என்னால் குனிந்துகொண்டுதான் இருக்க முடிந்தது. அதற்காக ஒரு வருடமாக உன்னிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வீடியோவில் நான் வாசித்ததை நல்லா இருக்கு என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அது முழுசாக நல்லா இல்லை. மேல் பாதி நீ வாசிக்கும்போது எங்கிருந்தோ வரும். நான் வாசித்தால் என் கையிலிருந்து வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒப்புக்கு நாற்காலி இல்லை, மதி.

வருவதென்றால் இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வரி எழுது. வாசிப்பவர் பெயரை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஹரி


கோவளம்
26 ஆகஸ்ட் 2025

ஹரிபிரசாத்துக்கு,

ஒரே வாரத்துல வாசிச்சிடுவேன்னு எழுதிருந்த. தப்பு. ஜூலை மாசம் பூரா ஆச்சு.

உன் லெட்டரப் படிச்சிட்டு கிழிச்சுப் போட்டேன். அப்புறம் தாம்பரம் போயி புதுக் கம்பி வாங்கியாந்து மாட்டுனேன். நீ எழுதுனது பூரா பொய்யின்னு சொல்ல முடியல. மொபைல் கடை, டெலிவரி, பலக எல்லாம் நெசம். அதான் கிழிச்சேன்.

மத்தியானம் கடை கட்டிட்டு வந்து, கரைல ஏத்தி வெச்ச படகு நிழல்ல ஒக்காந்து கீழ் பாதிய கத்துகினேன். கட்டவெரலு கேக்கவே இல்ல. மேல ஒரு நோட்ட தொட்டா கீழ நிக்குது. கீழ நடக்க வுட்டா மேல ஊமையாயிடுது. உன் பாதி சும்மா டொக்கு டொக்குனு அடிக்கறதுன்னு நெனச்சிருந்தேன். அது எவ்ளோ கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது. யாரும் பாக்காத எடத்துல ஒரே மாதிரி நடந்துகினே இருக்கணும். வலயப் பிரிச்சிகினு இருந்த எங்கப்பாவே, "டேய், அவன் நடக்கறான், நீ வுழற"ன்னாரு. கீழ ஒருத்தன், மேல ஒருத்தன்னு அவருக்கும் கேட்டிருக்கு பாரு.

ஒரு நாள் ரெண்டும் சேந்து வந்துச்சு. மேல வர்றது நானு, கீழ நடக்கறதும் நானு. கொஞ்ச நேரம் நிறுத்தவே பயமா இருந்துச்சு. ஒரு பொட்டிக்குள்ள ஆறு கம்பி, அதுக்குள்ள இவ்ளோ பேரு இருக்காங்களேன்னு இருந்துச்சு. தனியா வாசிச்சா அது சரியாத்தான் இருக்கு. அதான் பேஜாரே. ஒருத்தனுக்குன்னு தெச்ச சட்டயில ரெண்டு பேரும் இத்தன நாளா கைய வுட்டுகினு இருந்திருக்கோம்.

ஆனா ஒண்ணு மட்டும் வரல. நீ எப்பவும் ஒரு பொடி மின்னாடி போவ. நான் ஒரு பொடி லேட்டா வருவேன். நடுவுல மயிரு அளவுக்கு ஒரு சந்து இருக்கும். அந்த ஃபைல்ல அது இல்ல. நம்மகிட்ட மட்டும்தான் இருந்துச்சு. தனியா வாசிச்சா அந்த சந்து மூடிக்குது. வேணும்னே லேட்டா வாசிச்சுப் பாத்தேன். நடிக்கற மாதிரி இருக்கு. அதுக்கு நெசமாவே இன்னொருத்தன் வேணும்.

அதான் வந்தேன்.

ஆமா, சேலையூருக்கு வந்தேன். 23ஆம் தேதி சீக்கிரமே கடை கட்டிட்டு அம்மாவும் நானும் வூட்டுக்கு வந்து, தேய்ச்ச சட்ட போட்டுகினு, உன் கிடார தோள்ல மாட்டிகினு. "எங்கடா, மாப்பிள்ள மாதிரி போற"ன்னாங்க அம்மா. ஹரி கூட வாசிக்கன்னேன். அவங்களுக்கு சந்தோஷம். நம்ம சண்ட அவங்களுக்குத் தெரியாது. கேளம்பாக்கம், வண்டலூர்னு பஸ்ஸு மாறி, தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோல கிடார மடில வெச்சிகினு வந்தேன்.

வாசல்ல போர்டு. ஹரிபிரசாத், அசரியா. ரெண்டு பேரு.

கதவாண்ட இருந்தவரு தோள்ல கிடாரப் பாத்துட்டு, "கிடார் கிளாஸ் பையனா? பின்னாடி ஒக்காருங்க தம்பி"ன்னாரு. பின்னாடி ஒக்காந்தேன்.

நம்ம பீஸுதான் கடைசில வாசிச்சீங்க. அசரியா என் பாதிய வாசிச்சான். ஒரு நோட்டு தப்பு இல்ல. எங்கயும் லேட் இல்ல. நீ வெரல வெக்கறப்ப அவனும் வெக்கறான். சர்ச்ல வாசிச்சு வாசிச்சு அவனுக்கு டைமிங் கத்தி மாதிரி. மூச்சுகூட ரெண்டு பேரும் சேந்தே இழுத்தீங்க. எனக்கு பக்கத்துல ஒக்காந்திருந்த யாரோ ஒரு அம்மா, "இவங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளா சேந்து வாசிக்கறவங்க போல, இல்லப்பா?"ன்னாங்க. ஆமாங்கன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

அசரியா மேல கோவம் இல்ல. நீ கூப்ட, அவன் வந்தான். ஞாயித்துக்கெழம உன் கிடார பெருங்களத்தூர்ல உங்க அக்கா வூட்ல குடுத்துட்டேன். கம்பி புதுசு. வேற கிடார் வாங்குவேன், இல்ல வாங்காம போவேன். இதையும் வுட்டுட்டான் பாருன்னு நீ சொல்லிக்கலாம்.

நீ என்னா நெனச்சிருப்பன்னு தெரியும். ஒரு வரி எழுதுன்னு கேட்டேன், அவன் எழுதல, வர மாட்டான்னு அசரியாவக் கூப்ட்டிருப்ப. நாயமாத்தான் தெரியும். ஆனா டேய், நீ என்கூட மூணு வருஷம் இருந்தவன். ஒரு நாளாவது நான் வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கனா? வரலன்னாதான் போன் பண்ணுவேன். ஒண்ணும் சொல்லலன்னா வந்துகினு இருக்கேன்னு அர்த்தம். ஜிஎஸ்டி ரோடு பூரா தண்ணி நின்ன அன்னிக்கு அப்படித்தான் வந்தேன். அரியர் எக்ஸாம போடான்னு வுட்டுட்டு வந்தப்பவும் அப்படித்தான். நீ மாடிக் கதவத் தெறந்து வெச்சிகினு ஒக்காந்திருப்ப. எத்தினி மணிக்கு வருவன்னுகூட கேட்டதில்ல. நீ அத மறந்துட்டன்னு நான் நம்பல. இந்த வாட்டி கதவு தெறந்து வெக்க உனக்கு இஷ்டம் இல்ல, அவ்ளோதான்.

இதுக்கு நீ பதில் எழுதுவ. நல்லா எழுதுவ. வந்தா படிப்பேன், இந்த தடவ கிழிக்க மாட்டேன். ஆனா என்கிட்டேருந்து பதில் வராது. இனிமே அதுக்கு வர மாட்டேன்னுதான் அர்த்தம்.

மதியழகன்